இந்த ஒயர் எங்கே போகிறது?

நம் தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேள்வி போட்டிருந்தார். கார் ஓனர் ஒருவர், டிரைவருக்குத் தெரியாமல் ஜிபிஎஸ் கருவி மாட்டச் சொல்கிறார். எங்கே ஒளித்தால் கண்ணில் படாது? நான் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. டேஷ்போர்டுக்குப் பின்னால் என்றார் ஒருவர். சீட்டுக்கு அடியில் என்றார் இன்னொருவர். ஏசி குழாயின் மேல் வைத்து டேப் சுற்றிவிடு, அவன் அப்பனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒருவர் சிரிப்புப் பொம்மையோடு எழுதியிருந்தார். எல்லாம் சரியான பதில்கள்தான். அந்த இடங்களில் எல்லாம் நானும் ஒளித்திருக்கிறேன். அதனால்தான் குழுவில் இரண்டு வரி தட்டிவிட்டுப் போகாமல், இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு: டோல்கேட் பக்கம் கார்களில் பாட்டு செட் மாட்டும் கடை வைத்திருந்தேன். டேப் போட்ட காலத்தில் ஆரம்பித்து, டச் ஸ்கிரீன் வந்தபின் கண் ஒத்துழைக்காமல் நிறுத்தியவன். என் கைவேலை சுத்தம் என்று பெயர் உண்டு. என் புத்தியில் ஒரு கோளாறும் உண்டு. யாரையும் நம்ப மாட்டேன். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று கஸ்டமர் வந்தால், இவன் வேறெங்கேயோ கழற்றிக் காட்டியிருக்கிறான் என்று நினைப்பேன். பியூஸ் போனால் பக்கத்துக் கடைக்காரன் கைவைத்திருப்பான் என்று நினைப்பேன். தப்பு என்று ஒன்று நடந்தால், என் கண் முதலில் தெருவைத்தான் பார்க்கும்.

இந்தக் கோளாறுக்கு ஒரு சின்ன சாம்பிள் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் கார் செட்டின் முன்பக்க முகப்பு தனியாகக் கழன்று வரும். திருட்டுப் பயத்தால் ஓனர்கள் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு கஸ்டமரின் முகப்பு என் கடையிலேயே காணாமல் போனது. பக்கத்துக் கடையில் சீட் கவர் தைப்பவர் மீதுதான் எனக்குச் சந்தேகம். காலையில் இரண்டு தடவை என் கடைக்குள் எட்டிப் பார்த்தாரே! நேராகப் போய் அவருடைய ஸ்பான்ஜ் மூட்டையைக் கவிழ்த்தேன். மனுஷன் கோபப்படவே இல்லை. "தேடு நைனா, நல்லா தேடு. ரெண்டு கிடைச்சா எனக்கும் ஒண்ணு குடு" என்றார். நான் கையிலிருந்து காசு போட்டு வேறு முகப்பு வாங்கி மாட்டி அனுப்பினேன். மறுநாள் அந்தக் கஸ்டமர் திரும்பி வந்தார். "டேஷ்போர்டுக்குள்ள எலி பூந்துக்கீது போல. பிரேக் போட்டா முன்னாடி ஓடுது, எடுத்தா பின்னாடி ஓடுது." பிரித்துப் பார்த்தால் அந்த முகப்பு. நானே உள்ளே வைத்து, நானே மூடி, நானே திருகு முடுக்கியிருந்தேன். சீட் கவர்க்காரர் அதன்பிறகு என் கடையைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடப்பார்.

அது சிரிப்போடு போயிற்று. நான் சொல்ல வந்தது சிரிப்போடு போகவில்லை.

துறைமுகத்தில் சரக்கு கிளியரன்ஸ் பார்க்கும் ஏஜென்ட் ஒருவர் எனக்கு நிரந்தரக் கஸ்டமர். அவருக்குச் சொந்தமாக ஒரு டீசல் கார். அதை ஓட்டியவன் பெயர் சேவியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்துக்காரன், நாற்பதைத் தொட்டவன், பதினோரு வருஷமாக அந்த ஏஜென்ட்டிடம் ஒரே வேலை. நான் பார்த்த டிரைவர்களில் பாதிப்பேர் கார் கதவைச் சாத்தும்போது அது அடுத்தவன் கார் என்று தெரியும். சேவியர் சாத்தினால் தெரியாது.

ஒரு நாள் ஏஜென்ட் எனக்குப் போன் செய்தார். டீசல் முன்பைவிட அதிகமாகப் போகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது, மெக்கானிக் இன்ஜினில் கோளாறு இல்லை என்கிறான் என்றார். "அப்ப கோளாறு யார்கிட்டன்னு எனக்குத் தெரியணும். ஜிபிஎஸ் ஒண்ணு போட்டுடு. அவனுக்குத் தெரியக் கூடாது."

எனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். பதினோரு வருஷம் ஒருத்தன் ஒழுங்காக இருந்தால், என் மூளைக்கு அதுவே சந்தேகம். தந்திரத்தையும் நானே சொல்லிக் கொடுத்தேன். "புது செட் போடுற மாதிரி கூட்டிகினு வாங்க சார். செட்டுக்குப் பின்னாடி வெச்சுடறேன்."

அவர்கள் வந்த அன்று சேவியரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏஜென்ட் அவனிடம், "நீதானே உக்காந்து கேக்கப்போற, உனக்குப் புடிச்சதா எடு" என்று சொல்லியிருந்தார். பதினோரு வருஷத்துக்கான பரிசு என்று அவன் நினைத்துவிட்டான். நான்கு செட்களை ஓடவிட்டுக் கேட்டான். பெரிய சத்தம் வருகிற செட்டை வேண்டாம் என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்து, "இத்தப் போடுண்ணா" என்றான். மாதா கோயில் பாட்டுக்குழுவின் ஒத்திகை அது. அவன் அந்தக் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவன். மற்றவர்கள் குரல் மேலே போகும்போது அடியில் தாங்கிப் பிடிக்கிற குரல். "சார் துறைமுகத்துக்குள்ள பூந்தா மூணு மணி நேரம், நாலு மணி நேரம் ஆவும். நான் வண்டில உக்காந்துகினு இத்தத்தான் கேட்டுகினு இருப்பேன். திருவிழா வருதுல்ல" என்றான். பழைய செட்டில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லையாம்.

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். நான் சேவியரிடம், "பஸ் ஸ்டாப்பத் தாண்டி ஒரு டீக்கடை கீது, அங்க போய் மூணு டீ வாங்கினு வா. இங்க கிடைக்கறது கழுநீர்" என்று அனுப்பிவிட்டேன். ஏஜென்ட் வாசலில் காவல் நின்றார். நான் டேஷ்போர்டுக்குள் குனிந்தேன்.

இங்கே கொஞ்சம் ஒயர் கதை சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். காரின் சாவியை ஒரு கட்டம் திருப்பினால் செட் மட்டும் பாடும். இரண்டாவது கட்டத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் கரண்ட் போகும். அதற்கு அப்பால் திருப்பினால்தான் இன்ஜின் பிடிக்கும். ஜிபிஎஸ் கருவியில் மெல்லிசாக ஒரு ஒயர் உண்டு. இன்ஜின் ஓடுகிறதா என்று ஓனரின் போனுக்குச் சொல்கிற ஒயர். ஆனால் அந்தக் கருவிக்கு இன்ஜினும் தெரியாது, ஒன்றும் தெரியாது. தன்னைச் சேர்த்த இடத்தில் கரண்ட் வந்தால் 'ஓடுகிறது' என்று எழுதும், கரண்ட் போனால் 'நின்றது' என்று எழுதும். ஆகவே அதை இரண்டாவது கட்டத்தில் உயிர் பெறும் ஒயரில்தான் சேர்க்க வேண்டும். அந்த ஒயர் ஸ்டீயரிங்குக்குக் கீழே, மூடியைக் கழற்றினால்தான் கிடைக்கும்.

ஸ்டீயரிங் மூடியில் நான் கைவைத்தபோது ஏஜென்ட், "வர்றான், வர்றான்" என்றார். சேவியர் நடந்து போகவில்லை, யாரோ தோஸ்தின் வண்டியில் தொற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறான். செட் மாட்டுகிறவன் எதற்கு ஸ்டீயரிங்கைக் கழற்றுகிறான் என்று கேட்டுவிடுவானே! என் முன்னால் செட்டுக்குப் போகும் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சாவியின் முதல் கட்டத்திலேயே கரண்ட் வரும் என்பது எனக்குத் தெரியாதா? நூறு தடவை தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் என் கவனம் கரண்ட் மேல் இல்லை, டீ கொண்டு வருகிறவன் மேல் இருந்தது. மெல்லிய ஒயரை அதிலேயே முறுக்கி, டேப் சுற்றி, கருவியை உள்ளே தள்ளி, செட்டை அமுக்கினேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேனோ, அதுகூட நினைக்கவில்லையோ, இப்போது சத்தியம் செய்ய முடியாது.

சேவியர் எனக்குத்தான் முதல் டீயை நீட்டினான். "சூடு ஆறாம எட்தாந்தேன் பாருண்ணா."

மூன்று வாரம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். ஏஜென்ட் இறங்கிய வேகத்திலேயே விஷயம் புரிந்தது. போனை என் கையில் திணித்தார். துறைமுக வாசலில், ஒரே இடத்தில், நாள் தவறாமல் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் இன்ஜின் ஓடியதாக ரிப்போர்ட்.

"ஏசியப் போட்டுகினு தூங்கறான். என் டீசல்ல. டீசல் போனாப் போவுது, கேட்டா மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றான்யா. இன்ஜினே போடலையாம்."

சேவியர் காரின் அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவனுக்கு அப்போதுதான் கருவி இருப்பதே தெரியும். "நான் பாட்டுதாண்ணா கேட்டேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணல. எம் பொண்ணு மேல சத்தியம். சார், நீங்க வெளிய வரும்போது ஒருக்கா பானட்டத் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார், ஜில்லுனு இருந்திருக்கும்."

தம்பிகளே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். 'பாட்டுதான் கேட்டேன்.' எனக்கு வேண்டிய விடை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. என்னைவிட நன்றாக அதைப் புரிந்துகொள்ளக்கூடியவன் அந்தத் தெருவில் யாரும் இல்லை. நான் என்ன செய்தேன்? டிரைவர் என்றால் இப்படித்தான் சத்தியம் செய்வான் என்று நினைத்தேன். ஏஜென்ட் கேட்டார், "நீ சொல்லுய்யா, இந்த மிஷின் தப்பா காட்டுமா?"

"மிஷின் பொய் சொல்லாது சார். மனுஷன்தான் சொல்லுவான்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சேவியர் என்னைப் பார்த்தான். பிறகு புது செட்டைப் பார்த்தான். சாவியை எடுத்து பானட்டின் மேல் வைத்துவிட்டு, பென் டிரைவை மட்டும் பிடுங்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டான்.

அவனுக்குப் போனது ஒரு வேலை மட்டும் என்று நினைக்காதீர்கள். துறைமுகப் பக்கத்து ஏஜென்ட்டுகள் எல்லாரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள். டிரைவருக்குச் சான்றிதழ் கிடையாது, பழைய முதலாளியின் வாய்தான் சான்றிதழ். 'டீசல் கள்ளன், பொய்யன்' என்று ஒரு வாய் சொன்னால் பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை அவனுக்கு ஸ்டீயரிங் கிடைக்காது.

ஒரு மாதம் போயிருக்கும். அதே காரை ரிவர்ஸ் கேமரா மாட்டக் கொண்டு வந்து விட்டுப் போனார் ஏஜென்ட், அப்போதுதான் சேர்ந்த புது டிரைவரோடு. செட்டில் படம் வருகிறதா என்று பார்க்க, நான் உட்கார்ந்து சாவியை ஒரு கட்டம் திருப்பினேன். இன்ஜின் போடவில்லை. செட்டில் விளக்கு எரிந்தது. இரண்டு நிமிஷத்தில் ஏஜென்ட் போன் செய்தார். "என்னய்யா, கடைக்குள்ள வெச்சு இன்ஜின ஓட விடறியா? போன் காட்டுது."

கடையில் அப்போது யாரும் இல்லை. இன்ஜின் கம்மென்று இருந்தது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒயரைப் பிரித்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. முறுக்கிய கைக்குத் தெரியாதா? "ஆமா சார், டெஸ்டுக்காகப் போட்டேன்" என்றேன். பொய்யை நான்தான் சொன்னேன். மிஷின் பொய் சொல்லாது என்றேனே, அந்த மிஷினும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, என் கையால்.

பிறகு செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஸ்டீயரிங் மூடியைக் கழற்றி, ஒயரைச் சேர வேண்டிய இடத்தில் சுத்தமாகச் சேர்த்து, டேப் சுற்றி, மூடி, காரை அனுப்பிவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. தப்பைத் திருத்திவிட்டோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் திருத்திய லட்சணம் பத்து நாளில் தெரிந்தது. ஏஜென்ட் போன் செய்தார், குரலில் அவ்வளவு சந்தோஷம். "புது டிரைவர் தங்கம்யா. துறைமுக வாசல்ல ஒரு நிமிஷம்கூட இன்ஜின் ஓடல. பழையவன் திருடன்னு இப்ப சந்தேகமே இல்ல. நம்ம ஆளுங்க நாலஞ்சு பேருகிட்ட சொல்லிக்கீறேன். எல்லாரும் உங்கிட்டதான் வருவாங்க. அதே மாதிரி, டிரைவருக்குத் தெரியாம."

யோசித்துப் பாருங்கள். நான் ஒயரை மாற்றாமல் விட்டிருந்தால், புது டிரைவரும் பாட்டுக் கேட்டு, அவனும் மாட்டி, என்றாவது யாருக்காவது உறைத்திருக்கும். நான் ரகசியமாகத் திருத்தியதால், சேவியர் திருடன் என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி உண்டாகிவிட்டது. அவன் போனான், ரிப்போர்ட் சுத்தமாயிற்று. எந்த நீதிபதி ஒத்துக்கொள்ளாமல் இருப்பார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டி தள்ளிக்கொண்டு வந்த ஆள் என்னை வழிவிடச் சொல்லி விசில் அடித்தான். சேவியர். கைலியை மடித்துக் கட்டி, முழங்கால்வரை நனைந்து நின்றான். தப்பித்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவனே நின்றுவிட்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ண்ணா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றான். "மிஷின் பொய் சொல்லாதுன்னியே. அப்ப நான் தூக்கக் கலக்கத்துல சாவிய முழுசாத் திருப்பிட்டு, எனக்கே தெரியாம ஓட வுட்டிருப்பேனா? அப்டி நடக்குமா? வூட்ல அவளும் அத்தத்தான் கேக்குறா. நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. இப்போ எம்மேலயே எனக்கு டவுட்டாக் கீதுண்ணா."

என் ஆயுசில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னால் ஒருத்தன் தன்னையே சந்தேகப்பட்டு என் எதிரில் நின்றது அன்றைக்குத்தான். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "பாக்கறேன், பாத்துட்டுச் சொல்றேன்" என்று உளறிவிட்டு, மீனும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஏஜென்ட்டின் அலுவலகத்துக்குப் போனேன். ஒயரைத் தப்பாகச் சேர்த்தது நான், சேவியர் சொன்னது நிஜம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்ளோ குடுத்தான்?"

"யாரு சார்?"

"அவன்தான். உன் கடையாண்ட வந்து அழுதானா? கோயில் ஆளுங்களக் கூட்டிகினு வந்தானா? நீயே மிஷின் பொய் சொல்லாதுன்ன. இப்ப நீயே வந்து மிஷின் தப்புன்ற. நான் எத்த நம்பறது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கார் அன்று அவர் வீட்டிலேயே நின்றதால், அவரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பானட்டைத் திறந்து வைத்தேன். அவர் கண்ணெதிரில் ஸ்டீயரிங் மூடியைக் கழற்றி, ஒயரை எடுத்து, முன்பு சேர்த்த அதே தப்பான இடத்தில் சேர்த்தேன். "போனக் கையில வெச்சிக்கோங்க சார்" என்று சொல்லிச் சாவியை ஒரு கட்டம் திருப்பினேன். செட்டில் யாரோ செய்தி வாசித்தார்கள். இன்ஜின் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் போன் சிணுங்கியது. 'இன்ஜின் ஓடுகிறது.'

அவர் போனைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், திரும்பப் போனைப் பார்த்தார். "இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார். அப்புறம் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப டீசல் எங்கய்யா போச்சு?"

எனக்கும் அன்றுவரை அந்தக் கேள்வி தோன்றவில்லை. அவருடைய போனிலேயே பழைய ரிப்போர்ட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் நகராமல் நின்ற நேரங்கள் வரிசையாக இருந்தன. அவர் பின்சீட்டில் ஏசி போட்டுக்கொண்டு போன் பேசியபடி உட்கார்ந்திருந்த நேரங்கள். அந்த வருஷம் ரோட்டு வேலை நடந்து நெரிசல் இரண்டு மடங்காகியிருந்தது. அவர் போனை அணைத்தார்.

அன்றோடு அந்தக் கஸ்டமர் எனக்கு இல்லை. அவர் சொல்லி அனுப்புவதாக இருந்த நாலைந்து பேரும் வரவில்லை. அது நியாயம்தான். ஆனால் ஒன்று செய்தார்: அந்தக் கேன்டீனில் அவரே எழுந்து நின்று, சேவியர் மேல் தப்பில்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாராம்.

மாலையில் சேவியர் வீட்டுக்குப் போனேன். ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் குறுகலான சந்து. வாசலில் நின்றபடியே, ஒயர் விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். ரகசியமாகத் திருத்தியதையும் சொன்னேன். நான் முடித்ததும் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "மேரி, வெளிய வா." அவன் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "திரும்பச் சொல்லுண்ணா" என்றான்.

திரும்பச் சொன்னேன். ஏஜென்ட்டிடம் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, அவன் தோளில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள், அழுதுகொண்டே. அவன் சிரித்தான்.

ஏஜென்ட் அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். அவன் போகவில்லை. "அந்த வண்டில உக்காந்தா முதுகாண்ட எவனோ உக்காந்துகினு பாக்கற மாதிரி இருக்கும்ணா" என்றான். மச்சானுடைய கால் டாக்சியை எடுத்து ஓட்ட ஆரம்பித்தான்.

ஆறேழு மாதம் கழித்து அந்த டாக்சி என் கடை வாசலில் வந்து நின்றது. "ஒரு செட் போடணும்" என்றான். காசு வேண்டாம் என்றேன். "காசு வாங்கிக்கோ. வேலைய மட்டும் நான் பாக்கணும்" என்றான். டீ வரவழைத்தேன். அவன் தொடவில்லை. அவன் என் முக்காலியை இழுத்து, திறந்திருந்த கதவருகே, என் முழங்கைக்கு ஒரு ஜாண் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் ஒயரைக் கையில் எடுத்தேன்.

"இது எங்க போவுது?"

"ஸ்பீக்கருக்கு. இடது பக்கம்."

"இது?"

"பேட்டரிக்கு."

"அந்த செவப்பு?"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அரைமணி வேலை, இரண்டு மணி நேரம் ஆயிற்று. என் கை அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்பு வேலை செய்ததில்லை. செட்டை அமுக்கப்போனபோது, "இரு" என்று சொல்லி, தன் கையை உள்ளே விட்டு, நாலு மூலையையும் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் கையை எடுத்தான்.

எனக்கு வலித்தது. ஆனால் அந்தச் சந்தேகத்தில் ஒரு துளிகூடத் தப்பில்லை. அது நான் அவனுக்குக் கொடுத்தது.

குழுவில் கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். வண்டி ஓனருடையது, ஜிபிஎஸ் மாட்டுவது அவர் இஷ்டம், மாட்டிக் கொடு. ஆனால் ஓட்டுகிறவரைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டு மாட்டு. தெரியக் கூடாது என்று ஓனர் சொன்னால், வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல். சேவியருக்குப் பிறகு கடை மூடும் நாள்வரை நான் அப்படித்தான் செய்தேன். நாலு கஸ்டமர் போனார்கள், போகட்டும்.

அன்று டாக்சியில் வேலை முடிந்ததும் சேவியர் பென் டிரைவைச் செருகி, சாவியை ஒரே ஒரு கட்டம் திருப்பினான். கோயில் பாட்டு வந்தது, அடியில் அவன் குரலும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி, முன்பக்கம் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை பானட்டின் மேல் அழுத்தி வைத்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேலாக நிழலில் நின்ற வண்டி.

"ஜில்லுனு கீதா?" என்று கேட்டான்.

"கீது" என்றேன்.